கறிவேப்பிலைக்கு என்ன உரம் போடுறீங்க? – இந்த அரட்டை வெட்டி வேலை அல்ல

கொஞ்சம் நீளமான இழை. ஒரு டீ குடிக்கிற நேரம் ஒதுக்கி முழுசா படிங்க மக்களே.

1/
"டாக்டர், எங்கப்பா எந்நேரமும் போனும் கையுமா இருக்கார். செடி, குருவின்னு முகம் தெரியாத ஆளுங்ககிட்ட எல்லாம் பேசிக்கிட்டு இருக்கார். நீங்க கொஞ்சம் கண்டிச்சுச் சொல்லுங்க."

புறநோயாளிகள் பிரிவில் இந்தப் புகார் அடிக்கடி வருகிறது. சில சமயம் அப்பா, சில சமயம் அம்மா. பிரஷர் மாத்திரை வாங்க வந்தவர் சங்கடத்தோடு நிற்பார். கூட்டி வந்த மகனோ மகளோ, டாக்டர் ஒரு அதட்டுப் போடுவார் என்று காத்திருப்பார்கள்.

நான் அதட்டுவதில்லை. "அந்தக் குரூப்ல எத்தனை பேர்ங்கய்யா இருக்கீங்க?" என்றுதான் கேட்பேன். அதற்கான காரணத்தைச் சொல்லவே இந்தப் பதிவு.

2/
முதலில் அந்தக் குரூப்புகளில் அப்படி என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்ப்போம்.

"எங்க மாடியில முதல் கத்திரிக்காய். போட்டோ பாருங்க."
"கறிவேப்பிலை ஒரு வருஷமா ஒரே உயரத்துல நிக்குது. என்ன உரம் போடுறீங்க?"
"புளிச்ச மோரைத் தண்ணியில கலந்து ஊத்துங்கக்கா."
"மல்லிக்குக் கவாத்து பண்ணியாச்சா? கார்த்திகை முடியப் போகுதே."
"ஜன்னல்கிட்ட இந்தக் குருவி கத்துது. என்ன குருவிண்ணே இது?"
"இன்னைக்கு எங்க வீட்ல மொச்சக்கொட்டை கருவாட்டுக் குழம்பு."

அவ்வளவுதான். இதில் அரசியல் கிடையாது, சாதி கிடையாது, சண்டை கிடையாது. யாருக்கும் யாரிடமும் வேலை ஆக வேண்டியதும் இல்லை.

3/
பார்க்கிறவர்களுக்கு இது வெட்டி அரட்டை.

என் கருத்து வேறு. ஒரு மருத்துவராகச் சொல்கிறேன். தனியாக வாழும் ஒருவருக்கு இந்த அரட்டை, நான் எழுதித் தரும் மாத்திரைச் சீட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய ஒன்று. மாத்திரைக்குப் பதிலாக அல்ல, மாத்திரையோடு சேர்த்து.

"என்ன டாக்டரே, அடிச்சு விடுறீங்க" என்பவர்களுக்காக முதலில் சில எண்கள்.

4/
உலக சுகாதார நிறுவனம் 2023 நவம்பரில் மனிதர்களின் சமூக உறவு பற்றி ஆராய ஒரு தனி ஆணையம் அமைத்தது. அதன் அறிக்கை 2025 ஜூன் 30 அன்று வெளியானது.

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்கிறது அந்த அறிக்கை. தனிமையோடு தொடர்புடைய மரணங்கள் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 100. ஆண்டுக்கு 8,71,000க்கும் மேல்.

இது வெள்ளைக்காரன் நாட்டுப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். நம் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் பிள்ளைகள் வெளியூருக்குப் போய்விட்ட வீடுகள் எத்தனை? உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

5/
இன்னொன்று. 2010இல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் சக ஆய்வாளர்களும் 148 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 3,08,849 பேரின் தகவல்கள்.

வலுவான உறவுகள் உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு, உறவுகள் குறைந்தவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது.

சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, புகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுகிறோம். "வீட்ல பேச்சுத்துணைக்கு யாரு இருக்கா?" என்பதையும் அந்த வரிசையில் கேட்டே ஆக வேண்டும்.

6/
ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் "எனக்குத் தனிமையா இருக்கு டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை.

"உடம்பெல்லாம் வலி", "ராத்திரி தூக்கம் வரல", "நெஞ்சு படபடங்குது", "சாப்பாடு இறங்க மாட்டேங்குது" என்றுதான் வருவார்கள். இசிஜி நன்றாக இருக்கும். ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும். தைராய்டும் சரியாக இருக்கும்.

கடைசியில் "வீட்ல யாரெல்லாம் இருக்கீங்கம்மா?" என்று கேட்டால் கண் கலங்கும். "நான் மட்டும்தான் தம்பி."

குறிப்பாக ஆண்கள் வாயே திறக்க மாட்டார்கள். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர் தன் நண்பருக்குப் போன் போட்டு "மனசு சரியில்லடா" என்று சொல்வது நம்மிடம் அபூர்வம்.

7/
அதே மனிதர் "என் முருங்கை மரத்துல கம்பளிப்பூச்சி ஏறிருச்சு, என்ன செய்ய?" என்று கேட்பார். கூச்சமே படாமல் கேட்பார்.

பதிலுக்கு நாலு பேர் ஓடி வருவார்கள். ஒருவர் வேப்பெண்ணெய்க் கரைசல் அளவு சொல்வார். ஒருவர் தீப்பந்தம் காட்டச் சொல்வார். இன்னொருவர் "நெருப்பு வேணாம்ண்ணே, மரம் போயிரும்" என்று மறுப்பார். அரைமணி நேரம் கழித்து முதலில் கேட்டவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

செடியும் குருவியும் குழம்பும் அங்கே ஒரு சாக்குதான். ஆனால் அந்தச் சாக்கு இல்லாவிட்டால் பேச்சே தொடங்காது.

8/
இப்போது ஒரு நடந்த கதை. சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன்.

மதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர். வயது 70ஐ நெருங்குகிறது. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன் வெளிநாட்டில். பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறார். அதில் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மருந்தும் ஒன்று.

அவர் ஒரு மாடித்தோட்டக் குரூப்பில் இருந்தார். முப்பது பேர் இருக்கும். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. திருச்சியில் ஒரு இல்லத்தரசி, தேனியில் ஒரு மளிகைக் கடைக்காரர், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு பெண், இங்கே பக்கத்தில் ஒரு பஸ் கண்டக்டர் என்று பலதரப்பட்டவர்கள்.

9/
வாத்தியார் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கிய ஒரு வயரில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. தினமும் காலை ஆறேகாலுக்கு அதன் போட்டோவைப் போட்டுவிடுவார். இரண்டு முட்டை. குஞ்சு எப்போது பொரிக்கும் என்று குரூப் முழுக்க எதிர்பார்ப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை போட்டோ வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை.

சிங்கப்பூர் பெண் "சார், குஞ்சு பொரிச்சிருச்சா?" என்று கேட்டார். பதில் இல்லை. போன் போட்டார். எடுக்கவில்லை. "சார் பக்கத்து ஊர்க்காரங்க யாராவது இருக்கீங்களா?" என்று குரூப்பில் எழுதினார்.

"நான் ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வாறேன்க்கா" என்று கண்டக்டர் தம்பி வண்டியை எடுத்தார்.

10/
கேட்டில் இரண்டு நாள் பால் பாக்கெட் அப்படியே கிடந்தது. பக்கத்து வீட்டில் "வெளியூர் போயிட்டார்னு நெனச்சோம்" என்றார்கள்.

உள்ளே வாத்தியார் கட்டிலில் கிடந்தார். மூச்சு இருந்தது. கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் உளறினார். யார் என்ன என்று அடையாளம் தெரியவில்லை. 108க்குச் சொல்லி எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

இரண்டு நாள் வாந்தி பேதி. அதோடு அந்த பிரஷர் மாத்திரையும் உள்ளே போயிருக்கிறது. ரத்தத்தில் சோடியம் 114. சராசரியாக 135 முதல் 145 வரை இருக்க வேண்டும்.

11/
சோடியம் இந்த அளவுக்கு இறங்கினால் மூளை வீங்கும். குழப்பம் வரும், வலிப்பு வரும், கோமாவுக்குப் போகலாம். இறக்கவும் நேரலாம். அதே சமயம் அவசரப்பட்டு வேகமாக ஏற்றினாலும் மூளைக்கு ஆபத்து. மணிக்கணக்குப் பார்த்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

ஏற்றினோம். மூன்றாம் நாள் தெளிந்தார். ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார்.

இன்னும் ஒரு நாள் யாரும் கதவைத் தட்டாமல் இருந்திருந்தால்? நான் அதை யோசிக்க விரும்பவில்லை.

12/
இந்தக் கதையில் கெட்டவர் யாருமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மகன் நல்ல மகன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் வீடியோ கால் போடுகிறவர். பக்கத்து வீட்டுக்காரர்களும் நல்லவர்கள்தான். ஆனால் வாத்தியார் விழுந்தது செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

"உடம்பு எப்படி இருக்குப்பா?" என்பது பெரிய கேள்வி. அதைத் தினமும் கேட்க முடியாது. கேட்டால் அவருக்கும் அலுப்பு, நமக்கும் அலுப்பு. "குஞ்சு பொரிச்சிருச்சா?" என்பது சின்னக் கேள்வி. அதைத் தினமும் கேட்கலாம்.

தினமும் நடக்கிற ஒன்றுதான், ஒருநாள் நடக்காமல் போனால் கண்ணில் படும். இந்த மொத்தப் பதிவிலும் நான் சொல்ல வந்தது இந்த ஒரு வரிதான்.

13/
"முகம் தெரியாதவங்களோட என்ன நட்பு?" என்று கேட்பவர்கள் உண்டு.

நம் அப்பா அம்மா காலத்தில் பேனா நண்பர்கள் இருந்தார்கள். பத்திரிகையில் முகவரி பார்த்து, இன்லேண்ட் லெட்டரில் ஊர்க்கதை எழுதி, வருடக்கணக்கில் பார்க்காமலே பழகினார்கள். வானொலியில் நேயர் பெயர்களைக் கேட்டுக் கேட்டே அறிமுகமான உறவுகளும் உண்டு. தபால்காரர் இருந்த இடத்தில் இப்போது வாட்ஸ்அப் இருக்கிறது.

இயற்கையைப் பற்றிப் பேசுவது நம்மவர்களுக்குப் புதிதும் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் பிறந்த மா. கிருஷ்ணன், ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996இல் இறக்கும் வரை தொடர்ந்து இயற்கைப் பத்தி எழுதினார். 46 வருடம். புலி, யானை மட்டுமா எழுதினார்? வீட்டுப் பல்லி, காக்கா, தெருவில் மேயும் ஆடு எல்லாம் எழுதினார். மொட்டை மாடியிலிருந்து பார்க்கவே அவ்வளவு இருக்கிறது.

14/
சரி, பேச்சு நல்லதுதான். அது ஏன் செடி, குருவி பற்றி இருக்க வேண்டும்? அதற்கும் மருத்துவத்தில் ஒரு பழைய ஆய்வு உண்டு.

ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்த 46 நோயாளிகள். பாதிப் பேரின் ஜன்னல் வழியே மரங்கள் தெரியும். மீதிப் பேருக்குச் செங்கல் சுவர்.

மரம் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

15/
46 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். பிறகு பெரிய ஆய்வுகளும் வந்தன.

2019இல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த ஆய்வு. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் செலவிடுகிறவர்கள், அப்படிப் போகவே போகாதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரேயடியாக இரண்டு மணி நேரமும் போகலாம், பிரித்துப் பிரித்தும் போகலாம்.

ஒரு நாளைக்குப் பதினேழு பதினெட்டு நிமிடம் வருகிறது. கண்மாய்க் கரையில் ஒரு நடை போய் வரும் நேரம்.

16/
பொழுதுபோக்கு பற்றியும் ஒன்று. 2023இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. 16 நாடுகள், 65 வயதுக்கு மேற்பட்ட 93,263 பேர். ஏதாவது ஒரு பொழுதுபோக்கு வைத்திருப்பவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவு, வாழ்க்கையில் திருப்தி அதிகம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 15இலும் 16இலும் சொன்னவை எல்லாம் கவனித்து எழுதிய ஆய்வுகள். உடம்பு நன்றாக இருப்பவர்தான் வெளியே நடக்கிறார், தோட்டம் போடுகிறார் என்றும் இருக்கலாம். அதனால் "செடி வளர்த்தால் நோய் தீரும்" என்று யாராவது இதைக் காட்டி விற்க வந்தால் நம்பாதீர்கள்.

செலவு குறைவு, பக்கவிளைவு குறைவு, பலன் இருக்க வாய்ப்பு அதிகம். அந்த அளவில் நான் பரிந்துரைக்கிறேன்.

17/
இந்த அரட்டையால் ஊருக்கும் ஒரு லாபம் இருக்கிறது. அதையும் பார்ப்போம்.

ஜன்னலில் பார்த்த குருவியைக் குறித்து வைக்கிற பழக்கம் இப்போது ஈபேர்ட் என்ற தளத்தில் நடக்கிறது. 2002இல் அமெரிக்காவில் தொடங்கியது. நம் ஊரில் பொங்கல் நாட்களில் "பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு" நடக்கிறது. வீட்டு வாசலில் கரும்பைக் கடித்துக்கொண்டே கால் மணி நேரம் பார்த்து எண்ணி எழுதலாம்.

2023இல் வந்த "இந்தியப் பறவைகளின் நிலை" அறிக்கை 942 பறவை இனங்களை ஆராய்ந்தது. அதற்கு ஆதாரம் என்ன தெரியுமா? 30,000க்கும் மேற்பட்ட சாதாரணப் பறவை ஆர்வலர்கள் எழுதி வைத்த சுமார் 3 கோடிக் குறிப்புகள். வாத்தியார்கள், பேங்க் ஊழியர்கள், ஐடி பிள்ளைகள், டாக்டர்கள் என்று பலரும் எழுதியவை.

18/
மதுரைக்காரர்களுக்கு அரிட்டாபட்டியைச் சொல்லாமல் முடிக்க முடியுமா?

மேலூர் பக்கம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழக அரசு 2022 நவம்பரில் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டிலேயே முதலாவது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கை நீர்ச்சுனைகள். தமிழ் பிராமிக் கல்வெட்டு, சமணர் படுகை, குடைவரைச் சிவன் கோயில். 250 வகைப் பறவைகள். அதில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு மூன்றும் முக்கியமானவை.

250 வகை என்பது எப்படித் தெரிந்தது? விடிகாலையில் எழுந்து, அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்து, பார்த்ததை யாரோ எழுதி வைத்ததால் தெரிந்தது.

19/
2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கிய நிலத்துக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவான செய்தி வந்தது. ஊர் மக்கள் திரண்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் எதிர்ப்புத் தீர்மானம். 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்கு மாபெரும் பேரணி. ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

வென்றது அந்த மண்ணின் மக்கள். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் "அங்கே என்ன இருக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பட்டியல் கையில் இருந்தது. அந்தப் பட்டியலும் ஒரு காலத்தில் "இது என்ன குருவிண்ணே?" என்ற பேச்சில்தான் தொடங்கியிருக்கும்.

20/
சரி டாக்டர், அப்ப எந்நேரமும் போன் பார்க்கலாமா? பார்க்கக் கூடாது.

ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்வோம். படுத்துக்கொண்டே கட்டைவிரலால் தள்ளித் தள்ளி ரீல்ஸ் பார்ப்பது ஒன்று. மாடிக்குப் போய், குனிந்து, இலையைத் திருப்பிப் பார்த்து, போட்டோ எடுத்து, நாலு பேரிடம் கேட்டு, அவர்கள் சொன்னதைச் செய்து, மறுநாள் மறுபடி போய்ப் பார்ப்பது வேறொன்று. இரண்டிலும் கையில் போன் இருக்கிறது. இரண்டாவதில் ஆள் எழுந்து நடக்கிறார்.

அதனால் உங்கள் அப்பா எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறார் என்பதை மட்டும் எண்ணாதீர்கள். பார்த்த பிறகு எழுந்து என்ன செய்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

21/
இனி டாக்டராகச் சில எச்சரிக்கைகள். தோட்டக்காரர்கள் தயவுசெய்து காது கொடுங்கள்.

முதலாவது, டெங்கு. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு, குருவிக்குத் தண்ணீர் வைக்கிற சட்டி, மணி பிளான்ட் பாட்டில் மூன்றும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒரு முறையாவது கொட்டிக் கவிழ்த்துங்கள்.

வெறுமனே கொட்டினால் போதாது. முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது ரொம்ப முக்கியம்.

22/
இரண்டாவது, வைத்தியக் குறிப்புகள். "இந்த இலையைத் தின்றால் சர்க்கரை போயிரும், மாத்திரையை நிறுத்திரலாம்" என்று குரூப்பில் யாராவது போட்டால் அங்கேயே மறுத்து எழுதுங்கள். இன்சுலினை நிறுத்திவிட்டு மூச்சிரைத்து வருகிறவர்களை அரசு மருத்துவமனையில் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

செங்காந்தள் நம் மாநில மலர். அழகுதான். ஆனால் அதன் கிழங்கில் கொல்ச்சிசின் என்ற கடுமையான நஞ்சு உண்டு. அரளியும் மஞ்சள் அரளியும் இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியவை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இவை கைக்கு எட்டும் இடத்தில் வேண்டாம்.

குரூப்பில் விதை பகிரலாம், பதியன் பகிரலாம். மருந்துச் சீட்டு மட்டும் வேண்டாம்.

23/
மூன்றாவது, மண். சர்க்கரை நோயாளிகள் வெறுங்கால், வெறுங்கையோடு ஈர மண்ணில் இறங்காதீர்கள். மழைக்காலத்தில் மண்ணிலும் நீரிலும் இருக்கும் சில கிருமிகள் சின்னக் கீறல் வழியாகப் புகுந்து பெரிய ஆபத்தை உண்டாக்கும். கையுறையும் செருப்பும் கட்டாயம். பத்து வருடமாக டெட்டனஸ் ஊசி போடவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, புறா. ஆஸ்துமா, நுரையீரல் தொந்தரவு இருப்பவர்கள் புறா எச்சத்தைக் கூட்டிப் பெருக்கவே கூடாது. அந்தத் தூசு சிலருக்கு நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும்.

24/
ஐந்தாவது, பணம். ஆறு மாதம் செடி பற்றி அன்பாகப் பேசியவர் திடீரென்று "அவசரம், பத்தாயிரம் போடுங்க" என்றாலும், "அபூர்வ விதை, முன்பணம் அனுப்புங்க" என்றாலும் உஷார். ஓடிபி யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், உடனே 1930க்கு அழைத்துச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

பெண்கள் வீட்டு வாசல், கதவு எண், தெருப் பெயர் தெரிகிற போட்டோவைத் தவிர்க்கலாம். தனிச் செய்தியில் யாராவது எல்லை மீறினால் அட்மினிடம் சொல்லுங்கள், அவரை பிளாக் செய்யுங்கள். மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

25/
ஆறாவது, இதுதான் ரொம்ப முக்கியம். அரட்டை ஒரு துணை. சிகிச்சை அல்ல.

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டு கிடக்கிறது, பிடித்த செடியைப் பார்க்கக்கூட எழ முடியவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அது நோய். அதற்கு மருத்துவம் இருக்கிறது. டெலிமானஸ் 14416, எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

குரூப்பில் ஒருவர் அப்படி எழுதினால் "பாசிட்டிவ்வா இருங்க" என்று படம் போட்டு நகராதீர்கள். போன் செய்து பேசுங்கள், இந்த எண்ணைக் கொடுங்கள், பக்கத்தில் இருப்பவரை அனுப்புங்கள்.

26/
வெளியூரில் இருக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒரு வேண்டுகோள்.

அப்பா அம்மா இருக்கும் குரூப்பைக் கிண்டல் செய்யாதீர்கள். அதில் அவர்கள் நம்புகிற ஒருவரின் எண்ணையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் உங்கள் எண்ணையும் கொடுத்து வையுங்கள். வாத்தியாரின் மகன் இப்போது அதைத்தான் செய்திருக்கிறார்.

போட்டோ எடுக்க, எழுத்தைப் பெரிதாக்க, குரலில் பேசிச் செய்தி அனுப்பக் கற்றுக்கொடுங்கள். கண்புரை இருந்தால் அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். கண் தெரியாமல், காது கேட்காமல் ஒதுங்கிப் போகிறவர்கள் ஏராளம்.

அடுத்த முறை போன் போடும்போது "மாத்திரை போட்டியா?"வுக்கு முன்னால் "மல்லி பூத்துச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அம்மாவின் மல்லிக்கு நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

27/
தனியாக இருப்பவர்களுக்கு.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு பழைய பெயின்ட் டப்பா, ஒரு பிடி வெந்தயம். நாலைந்து நாளில் முளைத்துவிடும். அதை ஒரு போட்டோ எடுத்து ஒருவருக்கு அனுப்புங்கள். அவ்வளவுதான் தொடக்கம்.

ஸ்மார்ட் போன் இல்லையா? கவலையே வேண்டாம். வாசலில் ஒரு சட்டித் தண்ணீர் வையுங்கள். தவிட்டுக்குருவி கூட்டமாக வந்து சண்டை போடும். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அரட்டைக்கு இன்டர்நெட் கட்டாயம் இல்லை.

28/
குரூப் நடத்துகிறவர்களுக்கு.

ஆள் சேர்க்கிற போட்டி வேண்டாம். ஆயிரம் பேர் உள்ள குரூப்பில் ஒருவர் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. முப்பது நாற்பது பேர் என்றால் தெரியும். அரசியல், மதம், வதந்தி வந்தால் தயவு பார்க்காமல் நீக்குங்கள். விருப்பமுள்ளவர்களிடம் ஊர், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய ஒருவரின் எண் இரண்டையும் வாங்கி அட்மின் தனியாக வைத்திருங்கள். வருடத்துக்கு ஒரு முறை முடிந்தவர்கள் நேரில் கூடுங்கள். கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில் ஆலமர நிழல் இருக்கிறது, வாடகை கிடையாது.

29/
இதை வாசித்து முடித்ததும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் குரூப்பைத் திறந்து மேலே போங்கள். வழக்கமாகப் பேசுகிறவர் யாராவது நாலைந்து நாளாக அமைதியாக இருக்கிறாரா என்று பாருங்கள்.

இருந்தால் தயங்காமல் கேளுங்கள். "என்னண்ணே, ஆளையே காணோம்? கறிவேப்பிலை துளிர்த்துச்சா?"

பதில் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் போன் போடுங்கள். அதையும் எடுக்காவிட்டால், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து ஒருவரை அனுப்பிப் பாருங்கள்.


அரசு மருத்துவமனை மருத்துவர், மதுரை